அப்பாவின் ரேஸ் வாட்சும் நான் சொன்ன பொய்யும்

தம்பிக்கு,

கல்யாணம் நெருங்கிவிட்டது, போனில் பேசாமல் அம்மா ஏன் இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்கிறாள், பந்தல்காரன் காலை வாரிவிட்டானா, சமையல்காரர் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாரா என்று பதறாதே. அதெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. சரியில்லாதது நான்தான். போனில் சொன்னால் நடுவில் "சரிம்மா, விடும்மா" என்று என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். நானும் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். படித்து முடித்ததும் இதை நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் கொடு. அன்றைக்கு அந்தக் கூடத்தில் கதை கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று கும்பகோணத்தில் பெண் வீட்டுக் கூடத்தில் நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவின் வாட்சைக் காட்டிக்கொண்டிருந்தாய். பெண்ணின் அண்ணன் தம்பிகள் உன்னைச் சுற்றி நின்றார்கள். கறுப்பு முகத்தில் மூன்று வெள்ளை வட்டங்கள், ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக எண்கள், சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான், துளைத் துளையாகப் போட்ட தோல் பட்டை. கார் ரேஸ் ஓட்டுகிறவர்கள் வேகம் பார்ப்பதற்காகக் கட்டுகிற வாட்ச் இது, மேல் பொத்தானை அமுக்கினால் பெரிய முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், அப்புறம் கீழ்ப் பொத்தானை அமுக்கினால் துள்ளிப் போய்ப் பன்னிரண்டில் நின்றுகொள்ளும் என்று செய்தே காட்டினாய். சென்னையில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், உனக்கு இதெல்லாம் அத்துப்படி. அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. "இதுக்கு ஒரு கதை இருக்கு" என்று ஆரம்பித்தாய்.

"எங்க வயல்ல குத்தகைக்கு இருந்த ஒருத்தன் இதை அடிச்சிக்கிட்டுப் போகப் பாத்தான். மாட்டிக்கிட்டான். அதுக்குள்ள வாட்சைக் கெடுத்து வச்சிட்டான். அப்பா சும்மா விடுவாங்களா? ஊரை விட்டே தொரத்திட்டாங்க. அப்பறம் சிங்கப்பூர் மாமா வந்துதான் ரிப்பேர் பண்ணுனாங்க." எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமனார், "மாப்பிள்ளை வீட்ல கைய வச்சா அவ்வளவுதான் போல" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன். கார் ஏறி வலங்கைமான் வருகிறவரைக்கும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்மேல் தப்பில்லை. அப்பா உனக்கு எப்படிச் சொன்னாரோ அப்படியே நீ சொன்னாய். அவர் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்த ஒருத்தனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரெத்தினம். நம் வீட்டில் எல்லாரும் அவரை அவன், இவன் என்றுதான் பேசுவோம். என்னைவிட வயதில் மூத்தவர். இந்தக் கடிதத்தில் அவர் என்றுதான் எழுதப்போகிறேன். உனக்குப் படிக்க உறுத்தினால் உறுத்தட்டும், எனக்கும் எழுத எழுத உறுத்துகிறது.

வாட்ச் என் கல்யாணத்தில் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் மணவறையிலேயே அப்பாவின் கையில் கட்டிவிட்டார். அப்பா பட்டணத்தில் படித்தபோது சிநேகிதர்களோடு சோழவரத்துக்குப் போய்க் கார் ரேஸ் பார்த்தவர். எஞ்சின் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். உன் தாத்தா படுக்கையில் விழுந்ததும் படிப்பை முடித்த கையோடு நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார். அப்புறம் அவருக்கு ரேஸ் என்று இருந்ததெல்லாம் ஆற்றங்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான். அந்த வாட்ச் கைக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துக்கூட அப்படிப் பூரித்ததில்லை. அண்ணன் மேல் பொத்தானை அமுக்கிப் பெரிய முள்ளை ஓடவிட்டு, "மாப்பிள்ளை, இதைச் சும்மா சும்மா அமுக்காதீங்க, வெளிநாட்டுச் சாமான்" என்றார். அண்ணன் சொன்னது சும்மா சும்மா அமுக்க வேண்டாம் என்று. அப்பா எடுத்துக்கொண்டது, அமுக்கவே கூடாது என்று. இதை எப்படி ஓட்டுவது என்று மாப்பிள்ளை மச்சானிடம் கேட்கலாமா? கேட்கவில்லை. தினமும் காலையில் சாவி கொடுப்பார், அவ்வளவுதான். பெரிய முள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதுதான் நொடி முள் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது. நடவுக்கு வந்த பொம்பளைகள் என்னிடம், "அந்தச் சின்ன வட்டமெல்லாம் ராவுகாலம் காட்டுமாம்மா?" என்று கேட்டார்கள். நான் அவரைக் கேட்டேன். "அதெல்லாம் வேகக் கணக்கு, உனக்குப் புரியாது" என்றார். அவருக்கும் புரியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கும் சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

அது ஆட்சி மாறியிருந்த சமயம். அப்பா கரை வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறுவார். உழைக்கிறவனுக்கு ஒரு நீதி, உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு நீதியா என்று இடது கையை உயர்த்திக் கேட்பார். வாட்ச் தெரிவதற்காகத்தான் அந்தக் கை என்று வாலிபப் பையன்கள் கேலி பண்ணுவார்கள். மேடையில் பேசியதை அவர் பொய்யாகப் பேசவில்லை தம்பி, அந்த நேரத்துக்கு நம்பித்தான் பேசினார். வீட்டுக்கு வந்ததும் நில உச்சவரம்புக்குப் பயந்து யார் யார் பெயரில் எதை எதை எழுதலாம் என்று உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் வாய்க்கால் கரையை ஒட்டிய மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம், என் பெயருக்கு வந்தது. அதைச் சாகுபடி செய்துகொண்டிருந்தவர் ரெத்தினம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா.

கீழ்வேளூர்ப் பக்கமெல்லாம் செங்கொடி ஏறியிருந்தது. கூலி நெல் கூடுதலாகக் கேட்டு அறுப்பை நிறுத்துவதும், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவதும், அடிதடியும் போலீசுமாக இருந்தது. நம் ஊர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஆண்டே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஐயா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ரெத்தினமும் அப்படித்தான். அது அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த நேரத்தில்தான் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவர்களை நிலத்தை விட்டு லேசில் எழுப்ப முடியாது. அப்பா ரெத்தினத்திடம், "நீ ஏன்டா ஆபீசுக்கெல்லாம் அலையிற? நானே உன் பேரை எழுதித் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். ரெத்தினம் அதை நம்பிக்கொண்டு செங்கொடிச் சங்கத்துப் பக்கம் போகாமல் இருந்தார். சொன்ன வாக்கை எப்படித் தட்டிக்கழிப்பது என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டால், ஆமாம், யோசித்துக்கொண்டிருந்தார்.

குறுவை நடவின்போது ஒரு நாள் அப்பா பம்பு செட்டில் குளித்துவிட்டு வாட்சைத் தொட்டிச் சுவரிலேயே மறந்து வைத்துவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ரெத்தினம் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். துண்டின் முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, "தொட்டி மேல கெடந்துச்சும்மா. ஐயா தேடுவாங்க" என்று என் கையில் கொடுத்தார். சேறு காயாத கால். கையை மட்டும் நன்றாகக் கழுவியிருந்தார். பெரிய முள் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். இதைத்தான் நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர் போன பிறகு நீ தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாய், வீட்டில் வேறு ஆள் இல்லை. என் அண்ணன் வாங்கி வந்த வாட்ச், நான் ஒரு நாளும் கையில் கட்டிப் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டேன். வளையலுக்கு மேலே பெரிதாக உட்கார்ந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது. அமுக்கினேன். முள் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சரிசெய்கிறேன் என்று கீழ்ப் பொத்தானை அமுக்கினேன். முள் துள்ளிப் போய்ப் பன்னிரண்டில் நின்றது, அசையவில்லை. எதையோ உடைத்தே விட்டேன் என்று நினைத்துவிட்டேன். மேல் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கியிருந்தால் ஓடியிருக்கும், ரெத்தினம் அந்த மூன்று மாவிலேயே இருந்திருப்பார். பயத்தில் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்பா வந்து பார்த்ததும் வீடு இரண்டானது. "யாரு கைல இருந்துச்சு இது?" என்று கத்தினார். "ரெத்தினம் கொண்டாந்து குடுத்தான்" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. மேற்கொண்டு அவர் எதையும் கேட்கவில்லை. கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்றதற்கு, "உள்ள உள்ளதை மாத்திப்புடுவானுங்க, மச்சான் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். மணி என்னவோ சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க விரும்பவும் இல்லை.

மறுநாள் நம் கொல்லையை ஒட்டிய களத்துமேட்டில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பா முதலில் கெடுத்துவிட்டான் என்றுதான் சொன்னார். பேசப் பேச அது திருட்டு ஆனது. திருட வந்தவன் ஆள் பார்த்துவிட்டதால் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ரெத்தினம் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, குடுக்கும்போது முள்ளு ஓடுச்சுங்க. அம்மா கையிலதான் குடுத்தேன். அம்மாவைக் கேளுங்க" என்றார். நான் கொல்லை வாசலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். அப்பா கேட்டார்: "முள்ளு ஓடுச்சா?" நான் சொன்னேன்: "நான் கவனிக்கலை." சொல்லிவிட்டு, குழந்தை அழுகிறது என்று உள்ளே போய்விட்டேன். நீ அழவில்லை.

அந்த வாரமே ரெத்தினத்தை வயலில் இறங்கக் கூடாது என்றார்கள். நன்றிகெட்டவனுக்கு எதற்குப் பதிவு என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார், ஊரும் நியாயம்தான் என்றது. பிறகு நான் வலங்கைமானுக்குப் போய், இந்த நிலத்தை நானே சொந்தமாகச் சாகுபடி செய்கிறேன் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அந்த வயலின் சேறு என் பாதத்தில் ஒரு நாளும் பட்டதில்லை. ரெத்தினம் தன் மனைவி அஞ்சலையின் ஊருக்கே, கீழ்வேளூர்ப் பக்கம் போய்விட்டார். திருட்டுப் பட்டத்தோடு இந்தப் பக்கம் அவருக்கு யார் குத்தகை கொடுப்பார்கள்?

அடுத்த வருஷம் அண்ணன் லீவில் வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் கையைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, நிறுத்தியே வச்சிருக்கீங்க?" என்று கையை நீட்டி மேல் பொத்தானை அமுக்கினார். முள் ஓடியது. "நொடி முள்ளு இந்தச் சின்ன வட்டத்துல இருக்குல்ல, இது வேணுங்கறப்ப ஓட்டிக்கிறதுதானே" என்றார். நான் சாம்பார் கரண்டியோடு நின்றேன். அப்பா இலையைப் பார்த்தபடியே, "சோத்தைப் போடு" என்றார். கை கழுவும்போது என்னிடம், "வெளிய சொல்லாத. இப்பப் போயி ஒண்ணும் இல்லைன்னு சொன்னா அவன் சங்கத்தைக் கூட்டிக்கிட்டு வந்து பேரைப் பதிஞ்சிடுவான்" என்றார். அமுக்கியது நான்தான் என்று அப்போதும் அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. போன வருஷம் அவரைக் கொண்டுபோய் எரித்தாயே, அதுவரைக்கும் ரெத்தினம்தான் எதையோ அமுக்கிவிட்டார் என்று நினைத்தபடியே போனார். அவர் செய்ததும் அநியாயம்தான். ஆனால் அதற்கு விதை போட்டவள் நான் என்கிறதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம். அடிப்பார் என்று இல்லை, அவர் என்னை அடித்ததில்லை. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாரே, அந்தப் பயம். அவ்வளவு சின்னப் பயத்துக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டேன். நீ குடித்தனம் நடத்தப் போகிறவன். உன் வீட்டில் உன் பெண்டாட்டி ஒரு சாமானை உடைத்துவிட்டால், உடைத்துவிட்டேன் என்று உன்னிடம் வந்து சொல்லத் தைரியம் இருக்க வேண்டும். அந்தத் தைரியம் அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்பது உன் முகத்தைப் பொறுத்தது. அம்மா உனக்குச் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான். மீதியெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த பிறகு என்னால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திருப்பனந்தாளில் உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, நான் அங்கே போகவில்லை. கீழ்வேளூர் பஸ்ஸில் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ரெத்தினம் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை. என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, உட்காராமலே சொன்னேன். "வாட்சை நிறுத்துனது நான்தான். நீங்க குடுக்கும்போது ஓடுச்சு, நான் பாத்தேன். அன்னைக்குக் கவனிக்கலைன்னு சொன்னது பொய்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் அஞ்சலை இருந்த பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். என்னிடம் சொன்னார்: "நான் வரப்புல வரும்போது துண்டை அவுத்து அவுத்துப் பாத்தேங்க. அந்த முள்ளு ஓடுறது அவ்வளவு அழகா இருந்துச்சு. ஒருக்கா வெரலால தொட்டுக்கூடப் பாத்தேன், கண்ணாடி மேல. நான் தொட்டதுலதான் அப்பறமா நின்னுபோச்சோன்னு இத்தனை வருசமும் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

தம்பி, நிலத்தை எடுத்தது மட்டும்தான் நான் செய்த பாவம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மனிதர் தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு இத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கிறார். அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "இந்த மனுசனை நான் பேசாத பேச்சு இல்லை. உன் கை சும்மா கெடந்திருந்தா நமக்கு நெலம் இருந்திருக்கும்னு சோறு போடும்போதெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வெட்கமாக இருக்கிறது தம்பி. எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாவையும் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அது என் பெயரில் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பதிவு நடந்துவிடும். நீ அங்கே வீடு கட்டலாம் என்று நினைத்திருந்தாய், தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று நான் வாய் எடுத்தபோது அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தினார். "நெலத்தைக் குடுங்க, வாங்கிக்கிறோம். அது எங்க மாமனார் பாடுபட்டது. மன்னிப்புன்னு மட்டும் எங்ககிட்ட எதையும் கேக்காதீங்க" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உன் கல்யாணத்துக்கு ஊரே வரும். தாலி கட்டி முடிந்ததும் ஊர்க்காரர்கள் முன்னால் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, பத்திரிகையைத் தட்டில் வைத்து இரண்டு பேரிடமும் நீட்டினேன்.

ரெத்தினம் தட்டை வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அஞ்சலைதான் பத்திரிகையை எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, உன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். "நாங்க வந்தா வாசல்ல யாரு எங்களை வாங்கன்னு சொல்லுவா?" என்று கேட்டார். நான் சொல்வேன் என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க," என்றார் அஞ்சலை. "உங்க மகன் சொல்லுவாரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா